அவள் சுற்றிக் காட்டிய ஊர்

வேலைக்கு வந்து மூன்று வருடமாகியும் ஒரு நாள்கூட ஊரைச் சுற்றிப் பார்த்ததில்லை என்று சித்தப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை எதுக்கு?" என்று அன்று வீட்டையே ரெண்டாக்கியவர் ஆயிற்றே! அதனால், காலையில் பெட்டியோடு வந்து நின்ற அவரிடமும் சித்தியிடமும், கூட வந்திருந்த தன் கல்லூரித் தோழியிடமும், போனில் படித்ததையெல்லாம் அளந்துவிட்டு, ஊர் நடுவிலிருந்த பழைய கோபுரத்துக்கு அழைத்துப் போனாள்.

"இந்தக் கோபுரத்துக்கு முந்நூறு படி சித்தப்பா. மாசம் ஒருதரம் ஏறிடுவேன்."

"அதான் இளைச்சிட்டியா?" என்று சிரித்தாள் தோழி.

அதைக் காதில் வாங்காமல் அவள் விறுவிறுவென்று இடப்பக்கம் திரும்பினாள். "வாசல் இப்படி."

"அங்க கழிப்பறைதான் கண்ணு இருக்கு. வாசல் பின்பக்கம்" என்றாள் சித்தி.

அவள் முகம் சுண்டிப்போனது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க இந்த ஊருக்கு வந்தே மூணு நாளாச்சுடி. எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டுத்தான் உங்கிட்ட வந்தோம்" என்றாள் தோழி.

"அப்புறம் இன்னைக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

"எந்த ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசினாலும் உன் பின்னாடி ஆபீஸ் சுவர்தானே தெரியுது?" சித்தப்பா நுழைவுச்சீட்டை நீட்டினார். "ஒண்ணுதான் வாங்கினேன். எங்களுக்கு இன்னும் கால் வலி போகல. அது முந்நூறு இல்ல, நானூத்திப் பன்னெண்டு படி. ஏறி எண்ணிட்டு வா."