தோற்க வந்தவள்

பந்தை மேலே எறிந்தாள்.

வேண்டுமென்றேதான் கோணலாக எறிந்தாள். கால் அதைப் பார்த்துக்கொண்டது. அரை அடி நகர்ந்து, முழங்கால் மடங்கி, தோள் சுழன்று, மணிக்கட்டு கடைசியாக வந்து சேர்ந்தது.

பந்து கோட்டுக்குள் விழுந்து பறந்தது. எதிரில் நின்ற எஸ்தர் அதைத் தொடக்கூட இல்லை.

கேலரியில் ஒருவர் மட்டும் கைதட்டினார். பி.டி. சார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த பந்தை எடுத்தாள்.

தோற்றுவிடுவது என்று முடிவு செய்துதான் காலையில் ஷூவைக் கட்டினாள். இதில் ஜெயிப்பவள் காலேஜ் சார்பில் போபால் டென்னிஸ் போட்டிக்குப் போக வேண்டும். இரண்டு ராத்திரி ரயில். கூட வருவது பி.டி. சார்.

அவர் மட்டும்.

போன வருஷம் தேன்மொழி அக்கா போனாள். திரும்பி வந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போனில் கேட்டபோது, நீ போயிராதே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போகமாட்டேன் என்று சொன்னால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த சீட்டு போய்விடும். தோற்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

தோற்பது என்ன பெரிய வித்தையா? முக்கியமான மேட்சில் எல்லாம் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

எல்லாமே தனித்தனியாகக் கற்றது. பந்து எறிய ஒரு கோடை விடுமுறை. காலடிக்கு, சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஒரு வருஷம். பேக்ஹேண்டுக்கு ஹாஸ்டல் சுவர். ஒவ்வொன்றும் தனியாக அழகாக வரும். மேட்ச் என்று வந்துவிட்டால், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

பாவிகள், இன்றைக்கென்று ராசியாகிவிட்டன.

வெளியே அடிக்க நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கை உள்ளே அடித்துவிட்டது. தாமதமாக ஓடிப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தபோது பந்து சரியான உயரத்தில் இருந்தது.

வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று உடம்பெல்லாம் ஓடியது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

எஸ்தர் முதல் வருஷம். போன மாதம் இதே கோர்ட்டில் அவளை இரண்டே செட்டில் ஊதித் தள்ளியவள். இன்று சுலபமான பந்துகளைக்கூட நெட்டில் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயிச்சுத் தொலையேன்டி, என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினாள்.

மேட்ச் பாயின்ட். இந்த ஒரு பந்தையும் எடுத்துவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள்.

பி.டி. சார் எழுந்து நின்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சேர்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காலைத் தரையில் ஊன்றி நகரவிடாமல் பிடித்தாள். தோளை இறுக்கினாள். மணிக்கட்டைக் கட்டை போலாக்கினாள்.

பந்து சும்மா மிதந்து போயிற்று. மெதுவாக, நேராக, எஸ்தரின் கைக்கே. குழந்தைகூட அடித்துவிடும்.

அப்பாடா.

எஸ்தர் ராக்கெட்டை ஓங்கினாள். ஒரு கணம் கேலரிப் பக்கம் பார்த்தாள்.

பிறகு வானத்தைப் பார்த்து அடித்தாள். பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது.

இருவரும் நெட்டருகே வந்து கை கொடுத்துக்கொண்டார்கள். எஸ்தரின் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. பிடித்த கையை அவள் விடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

பி.டி. சார் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.