அடிபட்ட பக்கம்

கூடையில் கொட்டும்போது ஒரு தக்காளிக்கு விலாவில் கீறல் விழுந்தது. அடிபட்ட பழங்களைக் கடைக்காரி செங்கமலம் காலையிலேயே பொறுக்கி, தரையில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்பாள். மதியத்துக்குள் யார் வீட்டு ரசத்துக்காவது போய்விடும். சாக்கில் உட்கார அந்தத் தக்காளிக்குக் கௌரவக் குறைச்சல். கீறலைக் கீழே மறைத்து, பளபளப்பான பக்கத்தை மேலே காட்டிக்கொண்டது.

“என்ன, இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கே?” என்றது கீழே இருந்த தக்காளி.

“கொஞ்சம் தலை சுத்துது.”

“அதுக்கென்ன, நல்லா சாஞ்சுக்கோ.”

மறுநாள் கீறலிலிருந்து நீர் கசிந்தது. மேலே இருந்தது இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டது. நீர் பட்ட இடத்தில் கீழே இருந்ததன் தோல் கறுத்துப் பூஞ்சணம் பூத்தது.

நாற்றம் வந்ததும் செங்கமலம் கூடையைக் கிளறினாள். கீழே இருந்தது கொழகொழவென்று அவள் கையோடு வந்தது.

“இந்தச் சனியன்தானா!” என்று முகத்தைச் சுளித்தாள்.

மேலே இருந்தது அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குப்பைக்குப் போகும்போது அழுகிய தக்காளி அதைப் பார்த்துச் சொன்னது: “மன்னிச்சுக்கோ. எனக்கு இது எப்படி வந்துச்சுன்னே தெரியல. உன் மேலயும் ஒட்டிருச்சு, பாரு.”