திரையின் இடது மூலை

அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். திரையில் பழைய வேலைநிறுத்தப் புகைப்படம் விரிந்திருக்கிறது: ஆலை வாசலில் தொழிலாளர் கூட்டம், எதிரே துப்பாக்கிகள். வரலாற்றுப் பேராசிரியர் மடை திறந்தாற்போல் பேசிக்கொண்டே போகிறார். லேப்டாப்பை இயக்கும் அவர் மனைவியின் விரல் மட்டும் மவுஸின்மேல் உறைந்து நிற்கிறது. புத்தகங்களில் இத்தனை காலமும் வெறும் கறையாகத் தெரிந்த இடது மூலை, புதிய ஸ்கேனில் தெளிந்திருப்பதை இப்போதுதான் கவனிக்கிறாள். அதிகாரிகளுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு, கூட்டத்துக்குள் யாரையோ விரல் நீட்டிக் காட்டிக்கொடுக்கிறான். அவனுடைய இடது காதின் மேல்நுனி மடங்கியிருக்கிறது. தாத்தாவிடமிருந்து வந்த அதே மடிந்த காதோடு முன்வரிசையில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார். போராட்டத் தியாகியின் மகன் என்று சற்றுமுன்தான் அவருக்கு அரங்கமே எழுந்து கைதட்டியது.

“சார், அந்த மூலையில ஒருத்தர் கை நீட்டுறாரே, கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்களேன்,” என்கிறது பின்வரிசைக் குரல் ஒன்று.

பேராசிரியர் மனைவியைப் பார்க்கிறார். “மூலைக்குப் போம்மா.”

“வேணாங்க, படம் புள்ளி புள்ளியா உடைஞ்சிடும்.”

“உடையறதுக்கு இது என்ன மண்பானையா?”

அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பு ஓய்ந்ததும் புரொஜெக்டரின் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. அவள் அப்பாவைப் பார்க்கிறாள். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் சாம்பலாய்ப் படிந்திருக்கிறது. அவர் அந்த மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பெருசாக்கும்மா,” என்கிறார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் மவுஸை நகர்த்துகிறாள். அவருடைய இடது கை மெல்ல உயர்ந்து காதைப் பொத்திக்கொள்கிறது.