பழைய சோறு யார் யோசனை?

ஒரு வயிற்றுக்குள் நல்ல கிருமி ஒன்று குடியிருந்தது. காய்ச்சலுக்கு விழுங்கிய மாத்திரையில் அதன் சொந்தபந்தம் முக்கால்வாசி அழிந்துபோயிருந்தது. தப்பித்தவர்களும் பசியில் சுருண்டு கிடந்தார்கள். நாலு நாளாக மேலேயிருந்து வந்ததெல்லாம் வெறும் ரொட்டிதான்.

கிருமி போய்க் குடல் நரம்பின் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது.

"என்னடா?" என்றது நரம்பு.

"ஒண்ணுமில்லண்ணே. பழைய சோறும் மோரும் வந்த நாளை நெனச்சேன். இனிமே நமக்காக யார் அதை வரவழைக்கப் போறாங்க?"

நரம்பு நிமிர்ந்தது. "ஏன், நான் இல்லையா? எனக்கு ஒரு யோசனை தோணுது. பழைய சோறு வரும் பாரு!"

"மூளை அய்யாகிட்ட கேட்கப் போறீங்களாண்ணே?"

"கேட்டா கிடைக்காதுடா. கீழேயிருந்து யாராவது சொன்னா அவருக்குக் கௌரவக் குறைச்சல். அவருக்கே தோணின மாதிரி இருக்கணும்."

"அப்படியாண்ணே!" என்று கிருமி வாயைப் பிளந்தது.

நரம்பு குடலை லேசாக முறுக்கிக் கடமுடவென்று சத்தம் எழுப்பியது. ரொட்டியைப் பார்த்ததும் மூளைக்குக் குமட்டியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து உற்சாகமாய் ஒரு குரல்: "எனக்கு ஒரு யோசனை தோணுது! பழைய சோத்துல மோர் ஊத்திக் குடிச்சா என்ன?"

சோறு வந்தது, சின்ன வெங்காயத்தோடு. கிருமிக் கூட்டம் எழுந்து ஆட்டம் போட்டது.

"எப்படி என் யோசனை?" என்றது மூளை.

"உங்களை விட்டா யாருக்குங்கய்யா வரும்!" என்று பணிவாகச் சொன்ன நரம்பு, கிருமியிடம் கிசுகிசுத்தது. "பாவம், நம்பிட்டார். உண்மையில இது யார் யோசனை, சொல்லு?"

வாய் நிறையச் சோற்றோடு கிருமி சொன்னது: "உங்களை விட்டா யாருக்குண்ணே வரும்!"