எந்தக் கை

"அப்பா, வரது" என்றாள் மீரா.

அனந்தபத்மநாபன் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை உருவி, கட்டிலில் படுத்திருந்த மகளைத் தலையிலிருந்து முழங்கால்வரை மூடினார். துணிக்கடியில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கட்டில் கிடுகிடுத்தது.

அப்புறம்தான் சுவரின் உச்சியிலிருந்த கேமரா அவர் நினைவுக்கு வந்தது.

இந்த வலிப்பைப் படம் பிடிப்பதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

டாக்டர் நன்றாகப் புரியும்படி சொல்லியிருந்தார். ஸ்கேனில் மீராவின் மூளையில் வலப்பக்கம் ஒரு தழும்பு தெரிகிறது. வலிப்பில் இடது கை முதலில் முறுக்கினால் காரணம் அந்தத் தழும்புதான். அதை எடுத்துவிட்டால் அநேகமாகக் குணமாகிவிடும். வலது கை முறுக்கினால் ஸ்கேனை நம்பிக் கத்தி வைக்க முடியாது.

எல்லாம் தெரிந்தும் கை பழக்கத்தில் போய்விட்டது. கோவிலிலோ கல்யாணப் பந்தியிலோ, எங்கே வலிப்பு வந்தாலும் முதலில் ஓடிப்போய் மூடுகிறவர் அவர்தான். மீராவுக்கு ஒற்றைத் தலைவலி என்றுதான் அவர்கள் குடியிருக்கும் கரமனைத் தெரு இன்றுவரை அறியும்.

ஆட்டம் அடங்கியது. நர்ஸ் ஜெயபாய் துணியை விலக்கி, மீராவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கோபம் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"எந்தக் கை சாரே முதல்ல முறுக்கிச்சு? பக்கத்துல நின்னு கண்டீங்கல்லே?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தெரியாது என்றால் இன்னொரு வலிப்பு வரும்வரை மாத்திரை கிடையாது. அது நிற்காமலே போய்விட்டால்? வலது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இடது கை."

சபையில் சாட்சி சொல்கிறவரைப் போல நிமிர்ந்து நின்று சொன்னார். அவர் வார்த்தைக்கு யாரும் மறுவார்த்தை சொன்னதில்லை.

ஜெயபாய் தலையாட்டிவிட்டு, டாக்டரிடம் சொல்ல வாசல்வரை போய்விட்டாள்.

"சிஸ்டர்."

மீரா கண் விழித்திருந்தாள். வாய் குழறியது, சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"அப்பாட்டக் கேக்காதீங்கோ. துணியை உருவறச்சேயே கண்ணை இறுக்க மூடிண்டுடுவார். ஒவ்வொரு தடவையும் நான் கடைசியாப் பார்க்கறது அதைத்தான்."