சீரியல் அலாரம்

தையல்காரரின் அறைக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தச் சுவரில் அக்காவின் காது ஒட்டியே இருக்கும் என்பது தெருவின் கணிப்பு. தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் போனில் அலாரம் அலறும். சீரியலைத் தவறவிடக் கூடாதாம்.

தையல்காரருக்கு அது வசதி. எச்.ஐ.வி. மாத்திரையை அந்தச் சத்தத்துக்குத்தான் விழுங்குவார். காலையில் டி.பி. மாத்திரை வேறு. இரண்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வீட்டுக்கு யாராவது வந்தால்தானே?

உடம்பு தேறிவந்த வேளையில் மறுபடி காய்ச்சல், கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. மருந்துதான் ஆளைக் கொல்கிறது என்று முடிவுகட்டினார். அன்று அலாரம் அடித்தும் அவர் அசையவில்லை.

கதவு தட்டப்பட்டது. வம்பு வாசலுக்கே வந்துவிட்டது.

"ஏன் தம்பி, இன்னிக்கு உன் மாத்திரை டப்பா குலுங்குற சத்தத்தையே காணோம்?"

"உங்களுக்கு எதுக்குக்கா அது? போய் சீரியல் பாருங்க."

"கழுத்து வீங்கினதும் பயந்துட்டியா? படுத்துக் கிடந்த எதிர்ப்பு சக்தி மாத்திரையால முழிச்சுக்கிட்டு, டி.பி. கிருமியோட மல்லுக்கு நிக்குது. சிலருக்கு இப்படி ஆகும். மாத்திரைய நிறுத்தாத. காலைல டாக்டர்கிட்ட காட்டு, வீக்கத்துக்கும் மருந்து தருவாங்க."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதெல்லாம் எந்த சீரியல்ல சொன்னாங்க?"

அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அவருடைய எச்.ஐ.வி. மாத்திரை டப்பா போலவே இருந்தது.

"என் வீட்ல ஏது தம்பி டிவி? எனக்கும் இப்படித்தான் கழுத்து வீங்குச்சு. போய் தண்ணி கொண்டா. உன் டப்பா சத்தம் கேட்டாத்தான் எனக்கு இது தொண்டைல இறங்கும்."