பாரிஸும் பூனையின் மனசும்

"அப்பாவைப் பாரிஸுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. அதை அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது? அதுதான் இப்ப பிரச்சினை" என்றான் மகன், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தபடி.

பிறர் மனசு நோகக் கூடாது என்பதில் அந்த வீட்டில் எல்லோருமே ரொம்பக் கண்டிப்பானவர்கள்.

மேசையைச் சுற்றி மகன், மருமகள், மகள். அப்பா பின் அறையில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், புது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காது மந்தம். கருவி மாட்டினால் அரிக்கிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். அதனால் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

பாரிஸ் ஆசையைக் கிளப்பிவிட்டவனும் இதே மகன்தான். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளில் காதுக் கருவியை மாட்டிவிட்டு, அதோடு வந்த வட்ட மைக்கை மேசை நடுவில் வைத்து, "இனிமே நாங்க சாப்பிடும்போது பேசறது ஒரு வார்த்தை விடாம உங்களுக்குக் கேக்கும்ப்பா. வர்ற ஏப்ரல்ல உங்களையும் பாரிஸ் கூட்டிட்டுப் போறோம்!" என்று அறிவித்தான். கேக், கைதட்டல், போட்டோ. பார்த்தவர்களெல்லாம் பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று போட்டோவுக்குக் கீழே எழுதினார்கள். பாராட்டு வந்து சேர்ந்துவிட்டது. பாரிஸ்தான் பாக்கி.

அப்பா காலமெல்லாம் லிப்ட் மெக்கானிக். ஈபிள் கோபுரத்தின் காலுக்குள்ளே லிப்ட் நேராக ஏறாமல் சாய்ந்தபடி ஏறும் என்று எப்போதோ படித்திருக்கிறார். அதில் ஒரு தரம் ஏறிவிட்டால் போதும், அரண்மனையும் வேண்டாம் ஓவியமும் வேண்டாம் என்பார். அதற்காகவே ஷூ வாங்கி, தினமும் ஆறு மாடியும் படியேறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

"முழங்காலைச் சொல்லிடலாம்ணா" என்றாள் மகள். "அங்க எங்க பார்த்தாலும் படிக்கட்டு."

"தினம் ஆறு மாடி ஏறுறாரேடி?"

"அது நம்ம படி. பழகின படி."

"குளிரைச் சொல்லலாமே?" என்றாள் மருமகள்.

"ஏப்ரல்ல என்ன குளிர்? பூ பூக்கிற நேரம்னுதானே நாமளே போறோம்?"

"அப்ப பூவையே சொல்லிடலாம். மகரந்தம் ஆகாது, தும்மல் வரும்னு."

"அப்பா தும்மி நான் பார்த்ததே இல்லையே அண்ணி."

"இனிமே வரலாம்ல? வயசாகுதே!"

மருமகளுக்கு மாமனார் உடம்பின் மேல் அவ்வளவு அக்கறை. மேசையின் மேலும் அக்கறைதான். கறை படியக் கூடாதே என்று காபி கப்பை நடுவிலிருந்த வட்டச் சாமானின் மேல் வைத்தாள்.

"பாத்ரூம் வேற இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை கேப்பார். அவரோட போனா பாரிஸைப் பாக்க மாட்டோம், பாரிஸ்ல இருக்கிற கக்கூஸை எல்லாம் பாத்துட்டு வருவோம்!" என்றான் மகன்.

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எல்லாம் பாசத்தோடுதான்.

உண்மையான காரணம் மேசைக்கடியில் சுருண்டு படுத்திருந்தது. வீட்டுப் பூனை.

"போன தடவை பூனை விடுதியில விட்டதுக்கே எப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு! இடம் மாறினா பாவம், மனசு ஒடிஞ்சு போயிடும்" என்றாள் மருமகள்.

"அப்பாகிட்டதான் அதுக்கு ஒட்டுதல். அவர் வீட்டுல இருந்தா நமக்கும் நிம்மதி" என்றான் மகன். "சரி, யார் சொல்றது?"

"நீதானே பிள்ளை, நீ சொல்லு."

"பொண்ணு சொன்னாதான் அவர் கேப்பார்."

"என்னைப் பாக்காதீங்க. மருமக சொன்னா நல்லா இருக்காது."

கதவு திறந்தது. பளபளக்கும் ஷூவைக் கையில் பிடித்தபடி அப்பா வந்தார். மூன்று முகங்களும் சட்டென்று மலர்ந்தன.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு முழங்கால் சரியில்லை. அங்க எங்க பார்த்தாலும் படிக்கட்டாமே."

"என்னப்பா இப்படிச் சொல்றீங்க!" என்று மகன் துடித்துப்போனான். வாங்கப்பா என்று மட்டும் சொல்லவில்லை.

"பூ வேற பூக்கும். இதுவரைக்கும் தும்மல் வந்ததில்லை, இனிமே வரலாம். பூனையும் பாவம், இடம் மாறினா மனசு ஒடிஞ்சு போயிடும்."

மருமகள் உருகிப்போனாள். "சொல்லாமலே எல்லாத்தையும் புரிஞ்சுக்கறீங்களே மாமா! இந்த மனசு யாருக்கு வரும்!"

அப்பா ஷூவை மகன் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கும் எனக்கும் ஒரே சைஸ்தான். நடந்து நடந்து பழக்கி வெச்சிருக்கேன், கடிக்காது. அந்த லிப்ட் சாய்ஞ்சு ஏறும்போது மட்டும் உள்ள நின்னு ஒரு வீடியோ எடுத்துட்டு வாடா."

அந்த ஒரு இடத்தில் அவர் குரல் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார்.

பிறகு மேசை நடுவிலிருந்த காபி கப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் இருந்த வட்ட மைக்கைச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்ரூம் தேடி அலையாம நிம்மதியா ஊரைப் பாருங்க. வந்ததும் எல்லாத்தையும் இந்த மேசையிலேயே உக்காந்து பேசுங்க" என்றபடி மைக்கை இருந்த இடத்திலேயே வைத்தார். "என் ரூம் வரைக்கும் நல்லாவே கேக்குது."